மலபார் முள் டார்மவுஸும் நீலகிரி சோலைக்கிளியும்

மலபார் முள் டார்மவுஸ் (பிளாட்டகாந்தோமிஸ் லேசியூரஸ்) மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சிறு கொறிணி ஆகும். நீலகிரி சோலைக்கிளி (சோலிகோலா மேஜர்) அதே மலைத்தொடரின் உயர்ந்த பகுதிகளில் வாழும் பாடும் பறவை ஆகும். இம்மலைத்தொடருக்கு வெளியே இவை இரண்டும் இல்லை. இரண்டின் பெயரும் வகைப்பாட்டைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தருபவை.

முள் டார்மவுஸை 1859இல் எட்வர்ட் பிளைத் விவரித்தார். முதுகு மயிரினூடே தட்டையான முட்களும், வால் நுனியில் தூரிகை போன்ற மயிரும் உண்டு. இரவில் மரங்களில் நடமாடும், மரப்பொந்துகளில் கூடமைக்கும். மிளகைத் தின்பதால் மிளகெலி என்ற பொருளிலும் இதற்குப் பெயருண்டு. உண்மையான டார்மவுஸ்கள் கிளிரிடே என்னும் வேறு குடும்பத்தவை. சமவெளியில் காணப்படும் முள்ளெலியோ கொறிணியே அன்று. முள் டார்மவுஸ் எலிகளின் பெருங்குடும்பத்திலிருந்து மிகத் தொடக்கத்தில் கிளைத்த பிளாட்டகாந்தோமிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் பேரினத்தில் இன்று வாழும் இனம் இது ஒன்றே. குடும்பத்தின் மற்றொரு பேரினம் சீனாவிலும் வியட்நாமிலும் வாழ்கிறது.

சோலைக்கிளி கிளியினம் அன்று. மலையாளத்தில் 'கிளி' என்பது சிறு பறவைகளைப் பொதுவாகவும் குறிக்கும். இது ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவை. 1844இல் ஜெர்டன் விவரித்த பின் பல பேரினங்களுக்கு மாற்றப்பட்டு, மரபணு ஆய்வின் அடிப்படையில் 2017இல் சோலிகோலா என்ற புதுப் பேரினத்தில் வைக்கப்பட்டது. 'சோலை'யுடன் 'வசிப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் சேர்ந்து உருவான பெயர் அது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் முள் டார்மவுஸ் 'அழிவாய்ப்பு இனம்'; நீலகிரி சோலைக்கிளி அதற்கு அடுத்த, மேலும் கடுமையான 'அருகிய இனம்' என்ற நிலையில் உள்ளது. வகைப்பாடு மாறினால் இந்த நிலையும் மாறக்கூடும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே வாழும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி நெடுங்காலம் இதே இனத்தின் கிளையினமாகக் கருதப்பட்டது. தனி இனமாகப் பிரித்தபின் ஒவ்வொன்றின் பரப்பும் சுருங்கியது. பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, வாழிடம் துண்டுபட்டுத் தொடர்ந்து குறைந்தால் ஓர் இனம் 'அருகிய இனம்' ஆகலாம்.

செம்பட்டியல் அழியும் வாய்ப்பை மட்டுமே அளக்கிறது. அழிவதன் தனித்தன்மையை அது கணக்கில் கொள்வதில்லை. சோலைக்கிளிக்கு நெருங்கிய உறவினம் கணவாய்க்கு அப்பால் உள்ளது. முள் டார்மவுஸ் அழிந்தால் ஒரு பேரினமே அழியும். ஆயினும் பட்டியலில் அது ஒரு படி கீழே நிற்கிறது. தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் சீகை மரத்துக்கும் காடுகள் இடம் கொடுத்தபோது பறவை இழந்தது சோலையின் அடர்ந்த கீழ்ப்புதர். பொந்துள்ள முதிய மரங்கள் வெட்டப்படும் இடங்களில் முள் டார்மவுஸ் கூடமைக்க இடமிருப்பதில்லை.