சதுரங்கப்பட்டினமும் ஒரு ராஜதந்திரியும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியிருக்கிறது சதுரங்கப்பட்டினம். அங்குள்ள டச்சுக் கோட்டை 1781-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது சென்னையின் கவர்னர், ஜார்ஜ் மெக்கார்ட்னி. பட்டாளத்துக்காரர் அல்ல, ரஷ்யாவுடன் 1766-இல் வணிக உடன்படிக்கை முடித்த ராஜதந்திரி. ஹைதர் அலியுடனான போரில் செங்கல்பட்டுச் சீமை சீரழிந்து கிடந்த காலம் அது. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினக் கடலில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின; முடிவான வெற்றி எவருக்கும் இல்லை.

1784-இல் மெக்கார்ட்னி அனுப்பிய தூதுக்குழு மங்களூரில் திப்பு சுல்தானுடன் சமாதானம் செய்தது. கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு அது அறவே பிடிக்கவில்லை! அந்தக் குழுவில் இருந்த செயலாளர் ஸ்டாண்டனையே மெக்கார்ட்னி பின்னாளில் சீனாவுக்கும் அழைத்துப் போனார். 1793-இல் சீனப் பேரரசர் முன் தலை தரையில் பட வணங்க மறுத்து, ஒற்றைக் காலை மட்டும் மடக்கினார். கேட்கப்போன வணிகச் சலுகைகள் கிடைக்கவில்லை.