தடையும் தடங்கலும்: நிலத்தடிப் பாறை குறித்த ஒரு கலைச்சொல் விளக்கம்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து உழவர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. அடுத்தடுத்த இரு தோட்டங்களில் ஒன்றன் கிணறு கோடையிலும் ஊறும். மற்றதன் கிணறு எத்துணை ஆழப்படுத்தினும் வறண்டே கிடக்கும். மேற்கு மலைத்தொடரின் கிழக்கடிவாரமாகிய இந்நிலம் சார்னகைட்டு, நைசு முதலிய மிகப் பழைய படிகப் பாறைகளால் ஆயது. இவற்றுள், மேலே சிதைந்த பகுதியிலும் கீழே உள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்கும். வெடிப்பற்ற கெட்டிப்பாறை இடைநிற்பின், ஒரு கிணற்றின் வளம் மற்றொன்றை எட்டாது.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் போன்ற எண்ணெய்க் களங்களிலும் இவ்வினா எழுகின்றது. எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் நிற்பதன்று. பாறையின் நுண்துளைகளில் தங்குவது. காவிரிப் படுகையிலோ மணற்பாறையும் களிப்பாறையும் மாறிமாறிப் படிந்துள்ளன. இடைப்பட்ட களிப்பாறை எண்ணெயின் ஓட்டத்தை முற்றும் மறிப்பின் அதனை ஆங்கிலத்தார் 'பாரியர்' என்பர். மெல்லக் கசியவோ சுற்றிச் செல்லவோ விடுமாயின் 'பாஃபில்' என்பர். இவ்விரண்டனையும் 'தடுப்பு' என ஒரு சொல்லாலேயே தமிழில் குறித்தல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் இவற்றை அறியும் நெறியைக் காண்போம். கிணற்றுள் கருவியை இறக்கிப் பாறையின் மின்தடையை அளக்கும் முறை, 1927-இல் பிரான்சு நாட்டுப் பெச்சல்பிரானில் தொடங்கிற்று. பின்னர்க் காமாக் கதிர் அளவீடும் வந்தது. களிப்பாறையில் பொட்டாசியமும் தோரியமும் மிகுதலின் அக்கதிர் அங்கு மிகும். ஒரு மீட்டர்ப் படிவும் இவற்றிற்குத் தப்பாது. ஆயின் கிணற்றைச் சூழ்ந்த சிற்றிடமே இவற்றின் எல்லை.

இரு கிணறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தை அறிய நில அதிர்வலை உதவும். அலை நொடிக்கு 3000 மீட்டர் விரைந்து, 30 முறை அதிருமாயின், அதன் நீளம் 100 மீட்டர். அதில் காற்பங்காகிய 25 மீட்டருக்கு மெலிந்த படிவின் மேலும் கீழும் தனித்தனியே புலனாகா. எனவே அதிர்வலை பரப்பைக் காட்டும், நுட்பத்தைக் காட்டாது. கிணறு நுட்பத்தைக் காட்டும், பரப்பைக் காட்டாது. இரண்டனையும் இணைத்தே வரைபடம் எழுதுவர்.

அவ்வரைபடத்தைத் தேறுதற்கு உரைகல் அழுத்தமே. ஒரு கிணற்றில் இறைத்து, மற்றதன் அழுத்தத்தை நோக்குவர். அது காலந்தாழ்த்துக் குறையின் இடையில் உள்ளது பாஃபில். நெடுநாள் இறைத்தும் குறையாதாயின் பாரியர். ஆதலின் இவ்வேறுபாடு பாறையைப் பொறுத்தது மட்டுமன்று, காலத்தையும் பொறுத்தது. சின்னாட் சோதனையில் முழுமையாக மறிப்பது போலத் தோன்றியது, பல்லாண்டில் வழிவிடுதலும் உண்டு.

இவ்வேறுபாட்டை மயங்கின் விளைவு சிறிதன்று. பாரியரைப் பாஃபில் எனக் கொள்வோர், அப்பாலுள்ள எண்ணெய் தானே வந்து சேரும் என்றிருந்து அதனை இழப்பர். மாறாகக் கொள்வோர் வேண்டாத கிணறு தோண்டுவர். அடிவாரத்து உழவர்க்கும் இஃதொக்கும். இடைப்பாறை முற்றும் மறிக்கும் என்று எண்ணி ஒருவர் வரையின்றி இறைப்பின், அண்டைக் கிணறு மெல்ல மெல்ல வற்றும். முற்றும் மறிப்பதைக் கசிவுடையது என்று எண்ணின், கடன்பட்டு ஆழப்படுத்தியும் பயனில்லை.

எனவே முற்றும் மறிப்பதைத் 'தடை' என்றும், தாழ்த்தி விடுவதைத் 'தடங்கல்' என்றும் வழங்கலாம் என்பது எம் கருத்து. எண்ணெய் மேலெழாது காக்கும் பாறைக்கு 'மூடுபாறை' என்பது தனியே நிற்க. இருசொல்லும் மக்கள் வழக்கில் உள்ளன. தடங்கல் நீங்கும் என்னும் குறிப்பும் அவ்வழக்கிலேயே அமைந்துள்ளது. கலைச்சொல் ஆக்குவோர் பொருளின் இயல்பை முதலில் தேர்ந்து, பின்னர்ச் சொல்லை நாடுதல் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.