சின்னப் பலகை, பெரிய வேலை

நம் நாட்டில் பல மாநிலங்களில் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான் வரும். சில நாள் நடு இரவில் வரும். பாம்புக்குப் பயந்துகொண்டே விவசாயி வயலுக்குப் போவார். பகலில் மின்சாரம் தருவதற்காக 2020-இல் குஜராத்தில் 'கிசான் சூர்யோதய்' திட்டம் தொடங்கியது. இன்னொரு வழியும் உண்டு. அதுதான் செல்போன் ஸ்டார்ட்டர். வீட்டிலிருந்து போன் செய்தால் மோட்டார் ஓடும். மறுபடி செய்தால் நிற்கும்.

இந்தக் கருவிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பலகை இருக்கும். இதுதான் சர்க்யூட் போர்டு. அதில் உள்ள கறுப்புச் சில்லு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்கு 5 வோல்ட் அல்லது அதற்கும் குறைவான மின்சாரம் போதும். ஆனால் அதே பெட்டிக்குள் மோட்டாருக்கு 415 வோல்ட் வருகிறது. அது உயிரைக் குடிக்கும். ஆகவே உரிமம் பெற்ற வயர்மேன்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். வேலை சரியாக நடக்கிறதா என்று கவனிக்க எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை

மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன்? வீட்டில் இருப்பவர் தெரியாமல் போன் செய்யலாம். மோட்டார் தானாக ஓடிவிடும். பிறகு மூன்று வயரையும் டெஸ்டரால் சோதிக்க வேண்டும். கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதையும் வயர்மேன் இறக்கிவிட வேண்டும்.

கையில் எடுக்கும்போது

நைலான் துணி உரசினால் உடம்பில் நிலை மின்சாரம் சேரும். அது மிகக் கொஞ்சம். நொடியில் தீர்ந்துவிடும். அதனால் நமக்கு ஆபத்தில்லை. சில்லு மட்டும் கெட்டுப்போகும். எனவே மெயினை அணைத்தபின், எர்த் கொடுத்த இரும்புப் பெட்டியை ஒரு தடவை தொட வேண்டும். அதன்பின் பலகையின் ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். சில்லைத் தொடக் கூடாது. பொருத்தும் வரை பலகை அதன் உறையிலேயே இருக்கட்டும்.

வயர் இணைக்கும்போது

பலகையில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துப் பாருங்கள். அந்த வோல்ட்தான் கொடுக்க வேண்டும். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. வயரின் இழை ஒன்றுகூட வெளியே நீட்டக் கூடாது. ஸ்க்ரூவை முடுக்கியபின் வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். லூசான இடம் சூடாகும், கருகும். மோட்டார் வயரும் பலகையின் மெல்லிய வயரும் தனித்தனியே போக வேண்டும்.

பெட்டியில் பொருத்தும்போது

பலகையின் பின்பக்கம் ஈயப் புள்ளிகள் இருக்கும். அவை இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கட்டை வைத்து, இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். அளவுக்கு மேல் முடுக்கினால் பலகை விரிசல் விடும். வயர்கள் பெட்டியின் அடியிலிருந்து உள்ளே வரட்டும். மழைத் தண்ணீர் வயர் வழியே இறங்காது. ஓட்டைகளை ரப்பர் போட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லியும் எறும்பும் புகுந்து ஷார்ட் ஆக்கிவிடும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

பியூஸ் கட்டையை ஏன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?
உங்கள் ஊர்ப் பம்புசெட்டுப் பெட்டிகளில் ஓட்டைகள் அடைக்கப்பட்டுள்ளனவா?