கேரட் சாப்பிட்டா கண்ணாடியைக் கழற்றிடலாமா? திருத்தணி ரயிலில் கிடைக்கும் ‘கண் தீனிகள்’ உண்மையில் என்ன செய்யும்?

திருத்தணியில் ஏறினால் சென்னை சென்ட்ரல் வந்து சேர சுமார் இரண்டு மணி நேரம். ஜன்னல் சீட் கிடைத்ததும் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவோம். ஆபீஸ் போனால் கம்ப்யூட்டர், திரும்பும்போது மறுபடி போன். ராத்திரி கண் எரியும்போது வீட்டில் வரும் முதல் அட்வைஸ்: “தினம் ஒரு கேரட் சாப்பிடு, கண்ணாடியே தேவைப்படாது.”

நானும் ஆறு மாதம் கேரட் ஜூஸ் குடித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போனேன். பவர் ஏறியிருந்தது. தப்பு கேரட்டிடம் இல்லை, அதனிடம் நான் எதிர்பார்த்ததில்தான்.

கண்ணுக்கும் சாப்பாட்டுக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கா?

நிச்சயம் இருக்கு. விழித்திரையில் குறைந்த வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்களுக்கு ரொடாப்சின் என்ற நிறமி வேண்டும். அதைத் தயாரிக்க உடலுக்கு வைட்டமின் ஏ அவசியம். அது குறைந்தால் முதலில் மாலைக்கண். அப்படியே விட்டால் கருவிழி காய்ந்து, புண்ணாகி, பார்வையே போகலாம். குழந்தைகளுக்கு இது பெரிய ஆபத்து.

இதற்காகத்தான் 1970-லேயே இந்தியா ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. இன்றும் குழந்தைகளுக்கு 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு மருந்து தருகிறார்கள்.

இதில் தமிழ்நாட்டுக்கும் முக்கிய இடம் உண்டு. திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1990-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வாராவாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ தந்தார்கள். அந்தப் பிரிவில் குழந்தை இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. கவனிங்க, அது உணவிலிருந்தே பெற முடிகிற அளவுதான். கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்கிறது.

அப்போ கேரட் புகழ் எங்கிருந்து வந்தது?

கேரட்டில் பீட்டா கரோட்டின் இருக்கு, உடல் அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். அதுவரை சரி. ஆனால் ‘சூப்பர் பார்வை’ கதையை ஊதிப் பெருக்கியது இரண்டாம் உலகப் போர். இருட்டில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்திய பிரிட்டன் விமானி ஜான் கன்னிங்ஹாம், கேரட் சாப்பிட்டதால்தான் அப்படிக் கண் தெரிந்தது என்று செய்தி பரப்பினார்கள். விமானத்தில் ரேடார் இருந்ததை வெளியே சொல்லவில்லை.

சத்துக் குறைபாடு இருப்பவருக்கு கேரட் உதவும். குறைபாடே இல்லாதவர் கிலோ கணக்கில் சாப்பிட்டாலும் பார்வை கூடுதலாகாது.

சரி, எதைத்தான் வாங்கிச் சாப்பிடலாம்?

ஸ்டேஷன் வாசலிலும், வீட்டுக் கொல்லையிலும் கிடைப்பதே போதும்.

• முருங்கைக்கீரை: பீட்டா கரோட்டினில் கேரட்டை மிஞ்சும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் இந்த ஊரில் ‘முனகாக்கு’ என்றாலும் எல்லோருக்கும் புரியும். அடையில் ஒரு கைப்பிடி போட்டால் மாலை டிபன் ரெடி.

• பழுத்த பப்பாளி, மாம்பழம்: இரண்டிலும் கரோட்டின் வகைச் சத்துகள் உண்டு. மாம்பழம் சீசனில் மட்டும், பப்பாளி வருஷம் பூரா.

• மஞ்சள் சோளம்: விழித்திரையின் மையத்தில் சேரும் லூட்டின், ஸியாஸாந்தின் ஆகிய நிறமிகள் இதில் இருக்கு. வெள்ளைச் சோளத்தில் இவை ரொம்பக் குறைவு.

• அவித்த முட்டை: மஞ்சள் கருவில் நேரடி வைட்டமின் ஏ-வும் லூட்டினும் சேர்ந்தே கிடைக்கும். கூடவே கொழுப்பும் இருப்பதால் உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும்.

• கொய்யா: வைட்டமின் சி நிறைய. உப்பு, மிளகாய்த்தூளைக் கொஞ்சமாகத் தூவச் சொல்லுங்க.

• வேகவைத்த வேர்க்கடலை: வைட்டமின் ஈ, கொஞ்சம் துத்தநாகம். கரோட்டின் உடலில் சேர கொழுப்பு வேண்டும். அதனால் பப்பாளியோடு ஒரு கை வேர்க்கடலை நல்ல ஜோடி.

ஆன்லைனில் வரும் ‘கண் மாத்திரை’?

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு 2001-ல் வெளியானது. வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையச் சிதைவு, நடுத்தரக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு, குறிப்பிட்ட சத்து மாத்திரைகள் நோய் முற்றும் ஆபத்தை சுமார் 25 சதவீதம் குறைத்தன. 25 வயதில் ஸ்கிரீன் பார்த்துக் கண் எரிகிறவருக்கான மருந்து அல்ல அது.

அதன் தொடர் ஆய்வு 2013-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களில், முன்பு புகைபிடித்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. புகைப்பழக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரை பக்கமே போக வேண்டாம். பப்பாளி, கீரைக்கு இந்தப் பயம் இல்லை.

எதைத் தீனியால் சரிசெய்ய முடியாது?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை, கண்புரை. இவை எதையும் சாப்பாடு திருப்பி மாற்றாது. ஸ்கிரீன் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால்தான் காய்ச்சலும் எரிச்சலும். அதற்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பாருங்க. ரயில் ஜன்னலைவிட வசதியான இடம் வேறு எது?

இன்னும் முக்கியமானது சர்க்கரை நோய். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. அது விழித்திரையைச் சேதப்படுத்தும்போது ஆரம்பத்தில் வலியோ மங்கலோ தெரியாது. “எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது” என்று அப்பா சொல்வார். தெரியும்போதே பார்த்தால்தான் காப்பாற்ற முடியும். வருஷம் ஒருமுறை, பாப்பாவை விரிய வைத்து விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். பிஸ்கட்டுக்குப் பதில் அளவான கொய்யாவும் சுண்டலும் அவருக்குப் பொருந்தும் மாலைத் தீனி.

சுருக்கமா சொன்னா?

கீரை, பழம், முட்டை, கடலை ஆகியவை கண்ணுக்குத் தேவையானதைக் கொடுக்கும். கண்ணாடியைக் கழற்றாது. குழந்தை இருட்டினதும் தடுமாறினால், உங்களுக்கு அடிக்கடி தலைவலி வந்தால், வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், கேரட் வாங்கும் முன் கண் டாக்டரிடம் நாள் வாங்குங்க. போகும் வழியில் கொய்யா சாப்பிடலாம், தப்பில்லை.