ஹெல்மெட்டில் கேமரா: மண்தடப் பந்தயங்கள் ஏன் மறுக்கின்றன?

புதுச்சேரி–கடலூர் சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் மணப்பட்டு. சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டி மணல், அப்புறம் கடல். இப்படி மேடும் பள்ளமுமான தரையைப் பார்த்ததும் பைக்கை இறக்கி ஓட்டிப் பார்க்கத் தோன்றுவது இளவயதில் இயல்பு. ஓட்டினால் மட்டும் போதாது, அன்று மாலைக்குள் ரீல்ஸாகவும் போட வேண்டும். அதற்காக ஹெல்மெட்டின் உச்சியிலோ தாடைப் பகுதியிலோ ஒரு கோப்ரோ கேமராவை ஒட்டிக்கொள்கிறார்கள்.

பிரிட்டனில் ஆட்டோ சைக்கிள் யூனியன் நடத்தும் பந்தயங்களிலும், அமெரிக்க மோட்டோகிராஸ் பந்தயங்களிலும் இந்தக் கேமராவோடு தடத்தில் இறங்க முடியாது. தொழில்முறை வீரர்களுக்கு மட்டுமல்ல, பொழுதுபோக்காக ஓட்டுபவர்களுக்கும் அதே விதிதான். உள்ளங்கைக்குள் அடங்கும், 150 கிராம் சொச்சம் எடையுள்ள ஒரு பொருளுக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

பதில் ஹெல்மெட்டின் வடிவத்தில் இருக்கிறது. ஹெல்மெட்டின் வெளி ஓடு மழமழவென்று இருப்பது அழகுக்காக அல்ல. அடி ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். பைக்கிலிருந்து விழுகிறவரின் தலை பெரும்பாலும் நேராகத் தரையில் மோதுவதில்லை, சாய்வாகத்தான் மோதுகிறது. அப்போது ஓடு வழுக்கிக்கொண்டு போனால்தான் கழுத்து பிழைக்கும். உரித்த தேங்காயைத் தரையில் சாய்வாக உருட்டிவிட்டால் ஓடிவிடும். அதிலேயே ஓர் ஆணியை அடித்து உருட்டினால் ஆணி தட்டிய இடத்தில் துள்ளித் திரும்பும். துருத்தி நிற்கும் கேமரா அந்த ஆணியின் வேலையைத்தான் செய்கிறது. தலை சட்டென்று திருகும்போது மூளை மண்டை ஓட்டுக்குள் சுழல்கிறது. மண்டையில் விரிசலே விழாமல் மூளையில் ஏற்படும் கடுமையான காயங்கள் பல இந்தச் சுழற்சியால் வருபவை. உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம், 2019 முதல் சாலைப் பந்தய ஹெல்மெட்டுகளை 45 டிகிரி சாய்ந்த பரப்பில் மோதவிட்டுச் சோதிப்பது இதற்காகத்தான்.

மோட்டோகிராஸ் ஹெல்மெட்டின் முன்னால் நீண்டிருக்கும் நிழற்தகடும் துருத்திக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தகட்டைப் பொருத்தும் திருகைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பெரும்பாலும் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். பலமாக இடித்தால் திருகு முறிந்து தகடு கழன்றுவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கேமரா தாங்கியின் பசையோ எந்த அதிர்ச்சிக்கும் கழலக் கூடாது என்று செய்யப்பட்டது. அப்படியே கழன்று பறந்தாலும், பின்னால் வருகிறவரின் முகத்தில் படக்கூடும். ஓட்டில் துளை போட்டுத் திருகி மாட்டுகிறவர்களும் உண்டு. அது வேண்டவே வேண்டாம். துளை விழுந்த ஹெல்மெட்டை அதற்குப் பிறகு நம்பக் கூடாது.

ஃபார்முலா ஒன் வீரர் மைக்கேல் ஷூமாக்கரின் பெயர் இந்தப் பேச்சில் தவறாமல் வரும். 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெலில் பனிச்சறுக்கின்போது அவர் விழுந்தபோது ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. ஹெல்மெட் உடைந்ததற்கு அதுதான் காரணமா என்ற பேச்சு உலகம் முழுக்க எழுந்தது. ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை. 2014 பிப்ரவரியில், யார் மீதும் குற்றமில்லை என்று அரசு வழக்கறிஞர் விசாரணையை முடித்துவிட்டார். ஆகவே ஷூமாக்கரைச் சான்றாகக் காட்டி இந்த விதிக்கு வாதாடுவது சரியல்ல. மேலே சொன்ன இயற்பியலே போதும்.

நம் பக்கத்து நிலவரம் என்ன? ஹெல்மெட்டைத் தலையில் ஏற்றவே புதுச்சேரி பட்ட பாடு ஊரறிந்தது. 2019 பிப்ரவரியில் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தாமே சாலையில் இறங்கி, ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார். சில நாட்களில் அப்போதைய முதல்வர் நாராயணசாமி ஆளுநர் மாளிகையான ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். அவர் அடுக்கிய குறைகளில் ஹெல்மெட் விவகாரமும் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, தரச் சான்று பெற்ற ஹெல்மெட் அணியச் சொல்கிறதே தவிர, கேமராவைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. கேரளப் போக்குவரத்துத் துறை 2022 ஆகஸ்டில் ஒரு படி மேலே போய், ஹெல்மெட்டில் கேமரா வைத்தால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தம் என்று அறிவித்தது.

இந்தியாவில் முறையான பந்தயம் என்றால் நாட்டின் மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அனுமதி வேண்டும். பந்தயத்துக்கு முன் வண்டியோடு ஹெல்மெட்டையும் சோதிப்பார்கள். கேமரா வைக்க நினைப்பவர் அந்தப் பந்தயத்தின் துணை விதிகளைப் படித்து, சோதனை அதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடற்கரை மணல்மேடுகளோ கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிகக் கடுமையான பாதுகாப்புக்கு உரியவை. பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை வேறு. அங்கே பைக்கே கூடாது என்பதுதான் என் கருத்து.

விதி யாருக்கு அதிகம் தேவை? பெரிய வீரர்களைவிட நம்மூர்ப் பையன்களுக்குத்தான். 2021 டக்கார் பந்தயத்தில் பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ் விழுந்து தலையில் அடிபட்டபோது, ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சவுக்குத் தோப்பில் விழுகிறவரைத் தூக்கிச் செல்ல ஆளும் வண்டியும் கிடைத்த பிறகுதான் கிருமாம்பாக்கத்து மருத்துவமனை. ஊர் அளவில் மண்தடப் போட்டி நடத்த நினைக்கும் குழுக்கள், நுழைவுப் படிவத்திலேயே “ஹெல்மெட்டில் எதுவும் ஒட்டக் கூடாது” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

படம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கேமராவை ஹேண்டில்பாரில் இறுக்கிப் பூட்டி, தாங்கி உடைந்தாலும் பறக்காதபடி கம்பியால் இன்னொரு கட்டுப் போடலாம். இப்போதைய கேமராக்கள் அதிர்வைத் தாமே சமாளித்துவிடுகின்றன. மார்புப் பட்டையில் மாட்டுவது வழக்கத்தில் இருந்தாலும், குப்புற விழுந்தால் விலா எலும்பில் குத்தும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும்விட நல்லது, தடத்தின் ஓரம் பாதுகாப்பான இடத்தில் ஒரு நண்பரை போனோடு நிறுத்துவது. பைக் மேட்டில் எகிறுவதையும், சக்கரம் தரையைத் தொடுவதையும் முழுதாகக் காட்டுவது அந்தப் படம்தான்.