முதலில் தூரம், பிறகு லென்ஸ்

டெலி லென்ஸ் மாட்டினால் ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வைட் லென்ஸ் மாட்டினால் என்ஜினின் மூக்கு துருத்திக்கொண்டு வரும் என்று ரயில் படம் எடுப்பவர்களில் பலர் நம்புகிறார்கள். இரண்டையும் செய்வது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் தூரம்.

2022 நவம்பரில் பெங்களூரு கேஎஸ்ஆர் நிலையத்தில் கொடியசைத்துத் தொடங்கிவைக்கப்பட்ட மைசூரு–சென்னை வந்தே பாரத்தை எடுத்துக்கொள்வோம். 16 பெட்டி வந்தே பாரத்தின் நீளம் சுமார் 384 மீட்டர். முகப்பிலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்றால் அதன் வால் 424 மீட்டரில் இருக்கும். படத்தில் முகப்பின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. 400 மீட்டர் தள்ளிப் போனால் வால் 784 மீட்டரில். முகப்பில் பாதி உயரத்துக்குத் தெரியும். பெட்டிகள் நெருங்கி நிற்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பது மட்டுமே லென்ஸின் வேலை. ஒரே இடத்தில் நின்று 50 எம்எம்மிலும் 200 எம்எம்மிலும் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். துல்லியம் குறையும்; பெட்டிகளின் விகிதம் துளியும் மாறாது.

தூரத்தின் இதே வேலையை சினிமா முன்னோடிகளான லூமியர் சகோதரர்களின் லா சியோட்டா ரயில் படத்திலும் பார்க்கலாம். அது ஒரு நிமிடம்கூட ஓடாது. 1896-ல் திரையிடப்பட்டது. பிளாட்பாரத்தில், தண்டவாளத்துக்குச் சாய்வாக வைத்த கேமரா அசையவே இல்லை. தொலைவில் சிறிதாகத் தெரியும் என்ஜின் வளர்ந்து வளர்ந்து, ஃபிரேமின் ஓரத்தைக் கடந்து போய்விடுகிறது. தூரம் குறைவது ஒன்றே அங்கே நடக்கிறது. இன்றும் பிளாட்பார முனையில் நின்று எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை இந்தச் சாய்வுக் கோணத்தைத்தான் பின்பற்றுகின்றன.

ஆனால் அந்தக் கோணத்தில் என்ஜினை மட்டும் ஃபிரேம் முழுக்க நிரப்பினால் கிருஷ்ணராஜபுரமா, காட்பாடியா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர் தெரியாத ரயில் படம் எனக்கு நிறைவு தருவதில்லை. பெங்களூரிலிருந்து மைசூரு போகும் பாதையில் ராமநகரம் வருகிறது. அங்குள்ள குன்றுகள் சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட்; ஊரின் பழைய பெயரால் நிலவியலாளர்கள் அதை குளோஸ்பேட் கிரானைட் என்கிறார்கள். ‘ஷோலே’ படமாக்கப்பட்ட பாறைகளும் இவைதான். ரயிலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னால் ஒரு குன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரயிலிலிருந்து 50 மீட்டரில் நின்று வைட் லென்ஸில் எடுத்தால் குன்று ஒரு மேடாகச் சுருங்கிவிடும். 500 மீட்டருக்குப் பின்வாங்கி, ரயில் அதே அளவில் தெரியும்படி டெலி லென்ஸில் எடுத்தால், ரயிலோடு ஒப்பிடக் குன்று ஏறக்குறைய எட்டு மடங்கு உயர்ந்து நிற்கும். இப்படிப் பின்வாங்குவது பாதுகாப்பும்கூட. தண்டவாளப் பகுதியில் அனுமதியின்றி நுழைவது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது.

தூரம் போகப் போக இரண்டு தொல்லைகள் வரும். மின்கம்பங்கள் 60, 70 மீட்டர் இடைவெளியில் நின்றாலும், நேர் எதிரே தொலைவிலிருந்து எடுக்கும்போது தோப்புபோல நெருங்கி என்ஜினை மறைக்கும். வளைவின் வெளிப்பக்கமோ சாலை மேம்பாலமோ இதற்கு நல்லது. இரண்டாவது, கானல். வெயிலில் காய்ந்த ஜல்லிக்கு மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைப்பதால், எவ்வளவு விலையுயர்ந்த டெலி லென்ஸும் நண்பகலில் குழைந்த படத்தையே தரும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் குளிர்ந்த காலை நேரம் டெலி லென்ஸுக்கென்றே அமைந்தது.

அந்தக் காலை வெளிச்சம் எந்தப் பக்கம் விழும்? கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு போகும் பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை சூரியன் நேர்க்கிழக்குக்கு வடக்கே உதிப்பதால், அதிகாலையில் ரயிலின் வடபக்கம் ஒளிரும். மற்ற மாதங்களில் தென்பக்கம். ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி பெங்களூரில், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நிழலில்லா நாள் வருகிறது. அந்த இரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உச்சிவெயில்கூட வடக்கிலிருந்துதான். தென்பக்கம் நின்று எடுத்துப் பழகியவர்கள் மே மாதத்தில் தண்டவாளத்தின் மறுபக்கம் இருக்கும் சாலையைத் தேட வேண்டும்.

நிற்கும் கோணம் ஷட்டர் வேகத்தையும் தீர்மானிக்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் ரயில் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 20 மீட்டரில், பக்கவாட்டில் நின்று, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 எம்எம் லென்ஸால் எடுத்தால், 6,000 பிக்ஸல் அகலமுள்ள படத்தில் அது 12 பிக்ஸல் மங்கல். அதே தூரத்தில், ரயில் வரும் திசைக்கு 15 டிகிரி சாய்வில் நின்றால் 3 பிக்ஸல்தான். பக்கவாட்டுப் படம்தான் வேண்டுமென்றால் ஷட்டரை முப்பதில் ஒரு நொடிக்குக் குறைத்து, ரயிலோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பும் பேனிங் முறை இருக்கிறது. பின்னணி கோடுகளாக ஓட, ரயில் தெளிவாக நிற்கும்.

கைபேசியில் இன்னொரு சிக்கல். சென்சார் காட்சியை வரிவரியாகப் படிக்கிறது. முழுவதையும் படிக்க ஐம்பதில் ஒரு நொடி ஆனால், மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் நடுவே, மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் அதே ரயில் 60 சென்டிமீட்டர் ஓடிவிடும். ஜன்னல்களும் கதவுகளும் சாய்ந்து தெரியும். கைபேசியை வைத்திருப்பவர்கள் வேகமாகக் கடக்கும் ரயிலுக்குப் பக்கவாட்டைத் தவிர்த்து, பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு வெகு பின்னால், ரயில் எதிர்ப்படும் சாய்வுக் கோணத்தில் நிற்பது நல்லது. கோணலும் குறையும், மங்கலும் குறையும்.