திகதிப் புலமும் திணைவழுவும்

தமிழிலக்கணம் வழுக்களை ஏழாக வகுத்துரைக்கும். அவற்றுள் முதலாவது திணைவழு. 'மாடு வந்தான்' என்னும் தொடரில் எழுத்துப் பிழை யாதுமில்லை. அஃறிணைப் பெயர் உயர்திணை வினையைக் கொண்டமையே குற்றம். இணையச் செயலிகளை ஆக்குவோர் அடிக்கடி எதிர்ப்படும் இனவழுவும் இத்தகையதே. கணினித் துறையிற் புகும் நம் மாணவர்பொருட்டு அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

பழைய மாணவர் பெயரேடு ஒன்றைப் பைதன் மொழியில், ஜாங்கோ என்னும் சட்டகத்தின் துணையுடன் அமைப்பதாகக் கொள்வோம். ஒருவர் கல்லூரியிற் சேர்ந்த நாளைக் குறிக்க அதிலே ஒரு திகதிப் புலம் உண்டு. சேர்ந்து எத்தனை நாளாயின எனக் கணிக்கும் பகுதியைத் தனியே ஆராய்தற்கு ஓர் அலகுச் சோதனை எழுதுகின்றோம். அதில் '1964-01-15' என மேற்கோட் குறிகளுக்குள் இட்டு ஒரு பதிவை ஆக்குகின்றோம். பதிவு தடையின்றித் தரவுத்தளத்திற் சேர்கின்றது. ஆயினும், இன்றைய திகதியினின்று அதனைக் கழிக்கப் புகுந்ததும் இனவழு என்னும் செய்தி தோன்றுகின்றது. காரணம் யாது?

நாம் கொடுத்தது திகதியன்று. திகதிபோலத் தோன்றும் எழுத்துச் சரம். தரவுத்தளத்துக்கு அனுப்புங்கால் ஜாங்கோ அதனைத் திகதியாக மாற்றிக்கொள்கின்றது. நம் கையிலுள்ள பதிவோ பழைய சரத்தையே தாங்கி நிற்கின்றது. திகதியினின்று திகதியைக் கழிக்கலாம். சரத்தைக் கழித்தல் இயலாது.

இவ்விடத்திற் சிலர் செயலியையே மாற்றத் துணிவர். அது பெருந்தவறு. பயனர் படிவத்தில் இடும் நாள், படிவத்தின் சரிபார்ப்பைக் கடந்து திகதியாகவே வந்து சேரும். ஆகவே பிழை சோதனையின்கண் உள்ளது. பிழையான சோதனைக்காகச் சரியான செயலியை வளைத்தல், அளவுகோல் கோணியமைக்காகச் சுவரை இடிப்பதை ஒக்கும்.

திருத்தும் வழிகள் இரண்டு. ஆண்டு 1964, மாதம் 1, நாள் 15 என மூன்று எண்களைக் கொடுத்துத் திகதிப் பொருளையே ஆக்கி வழங்கல் ஒன்று. சேமித்த பதிவைத் தரவுத்தளத்தினின்று மீளப் படித்தல் மற்றொன்று. இனத்தை எழுதும்போதே வெளிப்படுத்துதலால் முன்னதே சிறந்தது. கழிக்கப்படுதற்குரிய 'இன்று' என்பதையும் சோதனையில் ஒரு நிலையான திகதியாக வைத்தல் வேண்டும். அன்றேல் விடை நாளுக்கு நாள் மாறும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. திகதி ஓரினம், நேரமுஞ் சேர்ந்த திகதி வேறோரினம். இவற்றுள் எது முந்தியது என ஒப்பிடினும் இவ்வழுவே நேரும்.

பசுவை அன்பினால் 'இலட்சுமி வந்தாள்' என்போம். இலக்கணம் அதனை வழுவமைதியென ஏற்கும். திகதிக் கணக்கிற் கணினியிடம் அத்தகைய அமைதி இல்லை. பொருளின் இனம் அறிந்து எழுதுதலே அங்கு இலக்கணம்.